சாமி மேடைக்குக் கீழே இருந்த பெட்டி

எங்கள் வீட்டுக்குள் இணையம் நுழைந்த இடம் சாமி மேடைக்குக் கீழே இருந்தது. யாரும் யோசித்து அப்படி வைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, தொலைபேசிக் கம்பியைக் கூடத்து மூலையில் இறக்கியிருந்தார். தோட்டம் மூடி அவர் போன பிறகு, அதே தோட்டத்தில் வேறு வீட்டில் இருந்த நாங்கள் இதற்கு மாறினோம். அந்த மூலைதான் கிழக்குப் பார்த்து வாகாக இருக்கிறது என்று அம்மா அங்கேயே சாமி மேடையை மாட்டச் சொல்லிவிட்டார். அதனால் முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் நேர் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஈப்போ நகரத்திலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகும் வழியில் இருந்தது எங்கள் தோட்டம். தோட்டம் என்பது பேருக்குத்தான். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, இங்கே வீடுகள் வரப்போகின்றன என்று பலகை நட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வீடும் வரவில்லை, மரமும் இல்லை. லாலாங் புல்தான் ஆள் உயரத்துக்கு நின்றது. போக இடமில்லாத ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் அங்கேயே இருந்தோம். அப்பா ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் காவல் வேலை பார்த்தார். அம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் தட்டு கழுவினார்.

அக்கா அந்த வருடம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவம் முடித்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பல்கலைக்கழகம் போகப் போகிறாள் என்று கோயிலில்கூடப் பேசிக்கொண்டார்கள். ஆனால் அதற்கு விண்ணப்பம் செய்வது கணினியில்தான் என்று ஆகியிருந்தது. ஈப்போவில் இணையக் கடைகள் இருந்தன. அங்கே பையன்கள் சிகரெட் ஊதிக்கொண்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள், என் மகள் அங்கே போய் உட்கார மாட்டாள் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் கழித்துப் போட்ட ஒரு கணினியைக் கேட்டு வாங்கி, வாடகைக் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் நாங்கள் வாசலுக்கே போய் நின்றோம். தொலைபேசிக் கம்பியோடு இணையமும் கேட்டு எழுதிக்கொடுத்து, அதுவும் வந்தது.

முதல் நாள் அம்மா கணினிக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். எங்கள் பக்கத்தில் புதுச் சாமான் எது வந்தாலும் அப்படித்தான். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு, வாசற்கதவு, குளிர்பெட்டி, அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. அக்காவும் அம்மாவும் மாதத்தில் சில நாள் சாமி மேடைப் பக்கம் போக மாட்டார்கள். நான் இன்னும் வயதுக்கு வராத பிள்ளை. எந்த நாளும் போகலாம். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வெளியே நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத எனக்கு, சாமி மேடையில்தான் ஓர் அதிகாரம்.

கணினிக்கும் பொட்டு வைத்தேன். பக்கத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த மோடத்துக்கும் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடம், இணையம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே சுவரோரத்து வெள்ளைப் பெட்டியைக் காட்டினார். அப்படியானால் மூலஸ்தானம் அதுதான் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அந்தப் பெட்டியின் மூடியில் ஓர் ஆணி விழுந்துபோயிருந்தது. விரலால் நெம்பினால் ஒரு பக்கம் திறக்கும். உள்ளே இரண்டு சிறிய திருகாணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு செப்புக் கம்பி சுற்றியிருந்தது. பார்ப்பதற்கு இரண்டு கண்கள் மாதிரியே இருந்தன. சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு கண்ணுக்கும் வைத்தேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். வைக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்று ஏதோ கடித்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன். அக்காவுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மூடியை அமுக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலைச் சொல்லக்கூடாது அல்லவா.

இரண்டு மூன்று வாரத்தில் இணையம் மெதுவாகிவிட்டது. அக்கா ஒரு பக்கத்தைத் திறப்பாள். மேலே ஒரு சின்னம் வரும், அதன் கீழே பாதி எழுத்து வரும், அதோடு நின்றுவிடும். அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தாலும் அதே பாதிதான். தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் பொரி பொரிகிற மாதிரி கரகரவென்று சத்தம் கேட்கும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மோசமாக இருக்கும், புதன் வியாழனில் கொஞ்சம் தேறும், மறுபடி மோசமாகும். சந்தனம் காய்ந்தால் தேறுகிறது, ஈரமானால் கெடுகிறது என்று சொல்ல எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எனக்கோ, வேண்டுதல் போதவில்லை என்றுதான் பட்டது. அடுத்த வாரம் இன்னும் கெட்டியாக வைத்தேன்.

அப்பா தொலைபேசி அலுவலகத்துக்குச் சொன்னார். ஆள் வரும் என்றார்கள். ஆள் வரவில்லை. அதனால் மாமாவை வரச்சொன்னார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். ஒயர் என்று ஒன்று இருந்தால் அது தனக்குக் கட்டுப்படும் என்று நம்பினார், எங்களையும் நம்ப வைத்தார். இடுப்பில் மின்சாரம் பார்க்கும் சோதனைப் பேனாவைச் செருகிக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தால் எனக்கு டாக்டர் வருகிற மாதிரி இருக்கும். மோடத்தை அணைத்து, பத்து வரை எண்ணச் சொல்லி, மறுபடி போட்டார். மோடத்துக்குச் சூடு ஆகாது என்று மேசைவிசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். எங்களுக்கு வியர்த்தது, மோடம் காற்று வாங்கியது. கணினியில் கிருமி இருக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். அக்கா தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகளும் அதோடு போயின. அக்கா மறுபடி முதலிலிருந்து தட்டினாள்.

ஒருநாள் மாமா குனிந்து சாமி மேடைக்குக் கீழே பார்த்தார். நான் கதவோரத்தில் நின்றேன்.

"அக்கா, அந்தச் சொவத்துப் பெட்டிய ஒரு தடவ கழட்டிப் பாத்துர்றேன்," என்று அம்மாவிடம் சொன்னார்.

"என்ன சாப்ட்டு வந்தே?"

"கருவாட்டுக் கொழம்பு."

"அப்ப அங்க கை வைக்காதே. வெள்ளிக்கெழம குளிச்சிட்டு வா."

"வெள்ளிக்கெழம எனக்குக் கோயில்ல மைக் செட்டு கட்டணும்லா."

"அப்படின்னா அடுத்த வெள்ளி வா. சாமி எங்கயும் ஓடிப் போயிடாது."

மாமா சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். அடுத்த முறை வந்தபோது வாயில் பீர் வாடை. அம்மா கேட்கவே இல்லை, கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். அவரும் அந்தப் பெட்டியை மறந்தார். கோளாறு வெளியில்தான் என்று முடிவு கட்டி, மூங்கில் ஏணியை வைத்துக் கம்பத்தில் ஏறி, அங்கே இருந்த இணைப்பைப் பிரித்துக் கட்டி, பிளாஸ்டிக் பையால் சுற்றினார். அது வியாழக்கிழமை. அன்று மாலை பக்கங்கள் கொஞ்சம் விரைவாக வந்தன. மாமாவுக்கு அப்பா தன் கையால் காப்பி கலந்து கொடுத்தார். மறுநாள் வெள்ளி. நான் என் வேலையைச் செய்தேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம் வந்தது. அக்கா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பெயர், அடையாள அட்டை எண், தேர்வு முடிவு என்று ஒவ்வொரு பக்கமாக நிரப்ப வேண்டும். நிரப்பி அனுப்பினால் அடுத்த பக்கம் வராது. காத்திருந்தால், நேரம் ஆகிவிட்டது என்று அதுவே வெளியே தள்ளிவிடும். மறுபடி பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே நாளில் அவள் தன் பெயரை எத்தனை தடவை தட்டினாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குத்தான் தெரியும். ஐந்தாவது பக்கத்துக்கு மேல் அவள் ஒருநாளும் போனதில்லை. மொத்தம் எட்டுப் பக்கம்.

அக்கா ஒரே ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள், ஈப்போ கடைக்குப் போய் வரட்டுமா என்று. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, "நாளைக்கு ஓடும் மச்சான், நான் பொறுப்பு," என்றார். அதற்கு முதல் நாளும் அதைத்தான் சொல்லியிருந்தார். மறுநாளும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

அந்த வாரம் நான் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு தடவை மூடியை நெம்பினேன். கண்கள் இரண்டும் சந்தனத்துக்குள் புதைந்துவிட்டன. ஓரத்தில் பச்சை நிறமாக ஏதோ பூத்திருந்தது. அது நல்ல சகுனம் என்று நினைத்தேன். பச்சை என்றால் துளிர்ப்பதுதானே.

கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. காலையிலிருந்து முதல் பக்கமே வரவில்லை. மதியம் அப்பா வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தக் கரகரப்புக்குள் அக்கா கத்தினாள். "வரலப்பா. ஒண்ணுமே வரல." அப்பா என்ன சொன்னாரோ, அக்கா சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மாமாவின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஈப்போவில் முதல் கடையில் இடமில்லை, இரண்டாவது கடையில் வரிசை. கடைசியில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தானாம். நனைந்த துணியோடு உட்கார்ந்து ஏழு பக்கம் முடித்துவிட்டாளாம். கடைசி நேரத்தில் நாடு முழுக்க எல்லாரும் அதே வாசலில் முட்டிக்கொண்டு நின்றதால் எட்டாவது பக்கம் வர நேரமானது. வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்ததாம். இதெல்லாம் மாமா அம்மாவிடம் சொல்லி நான் கேட்டது. அக்கா அந்த ஏழு பக்கம் முடிக்கிற நேரத்தில் நான் சாமி மேடைக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். புதுச் சந்தனம் குழைத்திருந்தேன்.

அன்று அப்பா வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும் முன்பே மாமா எழுந்து நின்றுவிட்டார். அப்பா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒயரத் தொட்டா ஓடும்னு சொன்னியே. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி என் பிள்ளையோட நாளையவே தின்னுட்டியே மச்சான்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏதாவது சொல்வார் என்று அவர் எதிர்பார்த்ததுபோல் இருந்தது. அம்மா சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குப் போனார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சோதனைப் பேனா மேசையிலேயே கிடந்தது. அதை எடுக்கக்கூட அவர் திரும்பி வரவில்லை. பிறகு தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். தீபாவளிக்கும் வரவில்லை.

எட்டு நாள் கழித்துத் தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். இளவயது மலாய்க்காரர், மரியாதை தெரிந்தவர். காலணியை வாசலில் கழற்றிவிட்டு, சாமி மேடையைப் பார்த்து, அங்கே குனியலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா தாராளமாகப் பாருங்கள் என்றார். வேலைக்கு வந்த வேற்று மனிதரிடம், என்ன சாப்பிட்டு வந்தாய் என்று கேட்க முடியுமா?

அவர் மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு திருப்புளியால் சுரண்டினார். மஞ்சளும் பச்சையுமாக ஏதோ உதிர்ந்தது. இது என்ன என்று கேட்டார். அம்மாவும் குனிந்து பார்த்து, பூச்சிக்கூடாக இருக்கும் என்றார். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, கம்பிகளை நறுக்கி, புதுப் பெட்டி மாட்டினார். பழையதைத் தரையில் வைத்தார். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சோதித்துப் பாருங்கள் என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் விரலுக்குப் பழகிய முகவரி அது ஒன்றுதானே. அதையே தட்டினாள். விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்கிற அறிவிப்பு, கண் மூடித் திறப்பதற்குள் முழுப் பக்கமாக வந்து நின்றது. நல்ல வேகம் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார்.

சுரண்டியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் நான். மாமா இல்லை, மழை இல்லை, கம்பம் இல்லை. அக்கா எழுந்து வந்து தரையில் கிடந்த பழைய பெட்டியை எடுத்தாள். பெருவிரலால் உள்ளே ஒரு தடவை தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு உதிர்ந்து கிடந்ததையும் ஒன்று விடாமல் வழித்தெடுத்து, பெட்டியோடு சேர்த்துப் பழைய தாளில் சுற்றி, லாலாங் காட்டுப் பக்கம் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அக்காவுக்குச் சுத்தம் அதிகம். அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா, என்ன கோளாறாம் என்று கேட்டார்.

"பழைய பெட்டிப்பா. துரு புடிச்சிருச்சாம்," என்றாள் அக்கா.

"அதத்தானே ஒங்க மாமன் மொதல்ல பாத்திருக்கணும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே இருந்தார். மாமா அதைத்தான் கழற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டார், அம்மாதான் விடவில்லை என்பது அங்கே இருந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். மூவரும் பேசவில்லை. நான் வாயைத் திறந்து பார்த்தேன். சத்தம் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். இருந்தாலும் அன்று வந்திருக்க வேண்டும். அன்று ஒரு வார்த்தை வந்திருந்தால் மாமாவாவது எங்களுக்கு மிஞ்சியிருப்பார்.

அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று அக்காவின் ஆசிரியை வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் வரைக்கும் சும்மா இருக்க முடியாது என்று அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். போனவள் போனவள்தான். மறுவருடம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. கணினியின் மேல் அம்மா துணி போட்டு மூடினார்.

நான் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை மலாய் பழகுவதற்காக முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வைப்பார்கள். புத்தகப் பை, காலணி, நீலச் சீருடை எல்லாம் அக்கா வாங்கிக் கொடுத்தது. தொழிற்சாலையில் கையுறைக்குத் தூவும் மாவு பட்டு அவள் விரல்களில் தோல் உரிந்திருக்கும். அந்த விரல்களால்தான் என் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். வகுப்பில் ஆசிரியர் கணக்குப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் தெரியும். இரண்டு மாதம் போனேன். பிறகு போக மாட்டேன் என்றுவிட்டேன். மலாய் புரியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்பா வற்புறுத்தவில்லை. ஒருத்தி படித்து என்ன ஆயிற்று என்று மட்டும் சொன்னார்.

அக்கா வேலை முடிந்து வந்து செய்தியைக் கேட்டாள். என் கையைப் பிடித்துக் குளியலறைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அதுவரை என்னைத் தொட்டு அடிக்காதவள், கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"அப்ப நான் யாருக்காகடி வாய மூடிக்கிட்டு இருந்தேன்?"

ஈப்போ கடைக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் எதிர்த்துப் பேசாமல் இருந்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு என்னை ஏன் அடிக்க வேண்டும் என்று விளங்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சற்று நேரத்தில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் நான் பள்ளிக்குப் போகவில்லை. அக்காவின் படிப்பைக் கெடுத்தவள் படிக்கக் கூடாது, அதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. யாரும் சொல்லாமல் நானாகவே அக்காவுக்காக இதைச் செய்கிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.